யாரும் சொல்லாமலே செய்த வேலை

38 வயதில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு கேள்விதான்: நான் எதற்காகப் பிறந்தேன்?

வெளியிலிருந்து பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 15 வருட வேலை. மாதக் கடைசியில் எங்கள் பேரேடும் வங்கி அறிக்கையும் ஒத்துப்போக வேண்டும். வருடக் கடைசியில் தணிக்கைக்கு வருபவர்கள் கேட்கும் வவுச்சரைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனதும் நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மனதுக்குப் பிடித்த வேலையைச் செய்கிற யாரைப் பார்த்தாலும், 'இவர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?' என்று தோன்றும்.

இன்று அதே இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு விடை கிடைத்த விதத்தை உள்ளபடி சொல்கிறேன். நான் வீணாக்கிய காலமும் அதில் அடக்கம்.

முதலில் எல்லோரையும் போல உட்கார்ந்து யோசித்தேன். நான்கு வட்டங்கள் போடும் அந்தப் படம் பலருக்கும் தெரிந்திருக்கும்: பிடித்தது, திறமை உள்ளது, உலகத்துக்குத் தேவையானது, காசு வருவது. நான்கும் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதிதான் உங்கள் 'இகிகாய்' என்பார்கள். வாழ்வதற்கான காரணம் என்று பொருள் தரும் ஜப்பானியச் சொல் அது. நான் அதை ஐந்தாறு முறை வரைந்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் நடுப்பகுதி காலியாகவே இருந்தது. என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து மனம் நொந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் படம் ஜப்பானிலிருந்து வந்ததே இல்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வட்டப் படத்தின் நடுவில் 2014-ல் மார்க் வின் என்பவர் 'இகிகாய்' என்ற சொல்லைப் போட்டார், அது உலகமெல்லாம் பரவிவிட்டது. ஜப்பானில் இதைப் பற்றி 1966-லேயே விரிவாக எழுதியவர் மியெகோ கமியா என்ற மனநல மருத்துவர். தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனையில் பணிபுரிந்தவர். அங்கே இருந்தவர்கள் வெளியுலகத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டவர்கள். அப்படியும் அவர்களில் சிலருக்கு வாழ்வதற்கு ஒரு பிடிப்பு இருந்ததை அவர் கவனித்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு வட்டம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்தது கேமரா. எனக்குப் புகைப்படம்தான் என்று ஒரு நாள் தோன்றியது. நல்ல கேமரா வாங்கினேன், வகுப்பில் சேர்ந்தேன், எட்டு மாதம் அலைந்தேன். வகுப்பில் ஒருவர், வெளிச்சம் சரியாக விழ வேண்டும் என்று ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நான் பத்தாவது நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். எடுத்த 400 படங்களில் நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்கும் வேலை அவருக்குக் கொண்டாட்டம். எனக்குத் தண்டனை. நான் விரும்பியது புகைப்படக்காரி என்ற பெயரைத்தான். இதைக் கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது. ஆனாலும் அதன் பிறகு எதைத் தொட்டாலும் ஒரு சோதனை வைக்கப் பழகிக்கொண்டேன்: இந்த வேலையில் இருக்கிற சலிப்பூட்டும் பாதியை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறதா? மேடையும் கைதட்டலும் யாருக்குத்தான் பிடிக்காது?

இதற்கு நடுவில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மூன்று பக்கத்துக்கு ஒரு சுருக்க அறிக்கை கொடுத்தார்கள். அதில் ஒன்பது மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பி.டி., டி.டி.எஸ்., எச்.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்று எழுத்துகள். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார். மூன்றாவது தடவை அந்த விரல் லேசாக நடுங்கியதைப் பார்த்தேன்.

கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினேன். அளவுகோல் இல்லாததால் கோப்பின் ஓரத்தை வைத்துக் கோடு போட்டேன். காலை, மதியம், இரவு, படுக்கும் முன் என்று நான்கு கட்டங்கள். பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, எச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். மாத்திரை அட்டைகளைக் கட்டிலில் பரப்பி, 'வெள்ளை, வட்டம், நடுவில் கோடு' என்று ஒவ்வொன்றின் அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதினேன். எழுதும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அப்பா ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அதைத் தொடர வேண்டுமா, நிறுத்த வேண்டுமா? அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. செவிலியரிடம் கேட்டேன், அவர் மருத்துவரிடம் கேட்டார். பழைய மாத்திரையும் புதிய பட்டியலில் இருந்த ஒன்றும் ஒரே மருந்துதான், கம்பெனிப் பெயர் மட்டும் வேறு. கேட்காமல் போயிருந்தால் அப்பா இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்.

தாளை அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு தடவை படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் இருந்த பதற்றம் இறங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி அதுவரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இதையும் கொஞ்சம் பாரேன்" என்று தன் கணவரின் தாளை நீட்டினார். அப்புறம் எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு பையன் வந்தான். என் கணவர் கீழேயிருந்து போன் செய்து, "எவ்வளவு நேரமா நிக்கிறோம், எங்கே போயிட்டே?" என்று கேட்டபோது மணியைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தேடிக்கொண்டிருந்தது கைக்கே வந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து, அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு, அந்த வாரமே மறுபடியும் 'நான் எதற்காகப் பிறந்தேன்' என்று யோசிக்க உட்கார்ந்துவிட்டேன்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நமக்கு இயல்பாக வருவது நம் கண்ணுக்குத் திறமையாகத் தெரியாது. 'இது யாருக்கும் வருமே' என்று ஒதுக்கிவிடுவோம். மூச்சு முட்டிச் செய்வதைத்தான் வேலை என்று நம்பி வளர்ந்திருக்கிறோம். அதனால் சிரமமே இல்லாமல், யாரும் சொல்லாமலே செய்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உள்ளே ஆழமாகத் தோண்டினால் கிடைக்கும் என்று நான் மூன்று வருடம் தோண்டினேன். அது வெளியே, என் அன்றாடத்தில், பலரும் பார்க்கும்படி நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அது தெரிந்தது ஒரு நோட்டின் உதவியால். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு முறையைக் கையாண்டார். ஆட்களிடம் பேஜரைக் கொடுத்துவிடுவார். அது நாளில் எப்போது வேண்டுமானாலும் ஒலிக்கும். ஒலித்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், மனம் எப்படி இருந்தது என்று உடனே எழுத வேண்டும். 'உங்களுக்கு எது பிடிக்கும்?' என்று கேட்டால் மனிதர்கள் தாங்கள் நம்பும் பதிலைச் சொல்வார்கள். இப்படிப் பிடித்தால் நடப்பது தெரியும். அப்பா வீடு திரும்பி ஏழு மாதம் ஆனபோது இதைப் படித்தேன். போனில் தினமும் மூன்று அலாரம், ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில் வைத்தேன். ஒலித்ததும் இரண்டே வரி. 21 நாள், 63 பதிவுகள்.

மூன்று வாரம் முடியும்வரை பழைய பதிவுகளைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். இதைச் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து இந்த விதியை விடாதீர்கள். பார்த்துவிட்டால் நாமே கதையைத் திருத்த ஆரம்பித்துவிடுவோம். கடைசி நாளில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். 'நேரம் போனதே தெரியவில்லை' என்ற பொருளில் 11 இடங்களில் எழுதியிருந்தேன். அந்தப் பதினொன்றில் எட்டு ஒரே மாதிரி. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சம்பளச் சீட்டில் உள்ள பிடித்தங்களை விளக்கியது. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த காப்பீட்டுக் கடிதத்தைப் படித்துச் சொன்னது. அலுவலகத்தின் பயணச் செலவுப் படிவத்தை, யாரும் கேட்காமலே, புரியும்படி மாற்றி எழுதிப் பார்த்தது. குழம்பிப்போன ஒருவர் கையில் ஒரு தாள், அதைத் தெளிவாக்கும் வேலை எனக்கு. அப்போதுதான் மருத்துவமனையின் அந்த இரண்டு மணி நேரம் ஞாபகத்துக்கு வந்தது. சிறு வயதில் பாட்டிக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன் என்பதும்.

இருந்தாலும் நம்பிக்கை வரவில்லை. என்னை நன்றாகத் தெரிந்த ஐந்து பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "எந்த விஷயம் வந்தால் உங்களுக்கு என் ஞாபகம் வரும்?" 'எனக்கு என்ன திறமை இருக்கிறது?' என்று கேட்டிருந்தால் மரியாதைக்கு நான்கு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார்கள். இப்படிக் கேட்டதால் நடந்ததைச் சொன்னார்கள். என் தங்கை யோசிக்கவே இல்லை. "புரியாத கடிதம் எது வந்தாலும் போட்டோ எடுத்து உனக்குத்தானே அனுப்புவேன், இது என்ன கேள்விக்கா?" என்றாள். ஐந்தில் நான்கு பேர் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள்.

இன்னொரு தடயமும் உண்டு. எது நம்மை எரிச்சல்படுத்துகிறது என்று பாருங்கள். ஒரே விவரத்தை மூன்று இடத்தில் கேட்கும் படிவத்தைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கோபம் வரும். என் கணவருக்கு வராது. அவர் மூன்று இடத்திலும் எழுதிவிட்டுப் போய்விடுவார். மற்றவர்கள் சாதாரணமாகத் தாண்டிப்போகும் ஒரு குறை உங்களை மட்டும் நிறுத்தி வைக்கிறது என்றால், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தெரிந்துவிட்டது. உடனே வேலையை விட்டுவிடலாமா? எனக்கும் அந்த வேகம் வந்தது. நான் நிதானித்ததற்கு ஒரு காரணம், ஏமி ரெஸ்னெஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு. 196 பேரிடம் தங்கள் வேலையை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். பிழைப்பு, முன்னேற்றத்துக்கான படி, வாழ்க்கையின் அழைப்பு என்று மூன்று விதம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் ஒவ்வொரு பக்கமும் இருந்தார்கள். அவர்களில் 24 பேர் அலுவலக உதவியாளர்கள், எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை. அந்த 24 பேரும்கூட ஏறக்குறைய அப்படியேதான் பிரிந்தார்கள். ஆக, பதவியின் பெயரில் மட்டும் இது இல்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எவ்வளவு மாற்ற முடியும் என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்று தீர்மானித்தேன். மேலாளரிடம் போய், புதிதாகச் சேர்பவர்களுக்குக் கணக்கு விதிகளை விளக்கும் பொறுப்பையும், படிவங்களைச் சீரமைக்கும் வேலையையும் கேட்டேன். யாருமே விரும்பாத வேலை என்பதால் உடனே கொடுத்துவிட்டார். நான்கு பக்கப் பயணப் படிவம் ஒரு பக்கமானது. ஞாயிற்றுக்கிழமை வரும் கனம் பாதி குறைந்தது.

மீதிப் பாதிக்காக, ஒரு பொது நூலகத்தில் அனுமதி வாங்கி, 12 சனிக்கிழமைகள், காலையில் இரண்டு மணி நேரம் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். 'புரியாத கடிதம், படிவம் இருந்தால் கொண்டுவாருங்கள்' என்று ஓர் அட்டை. முடிவுத் தேதி முன்கூட்டியே குறித்ததுதான் பெரிய நிம்மதி. வாழ்க்கை முழுவதற்கும் வாக்குக் கொடுக்கவில்லை, 24 மணி நேரத்துக்குத்தான். முதல் சனிக்கிழமை ஒருவரும் வரவில்லை. இரண்டாவதுக்கு ஒரு பெரியவர், ஓய்வூதியக் கடிதத்தோடு. ஐந்தாவது வாரத்தில் நாற்காலி போதவில்லை.

அந்த 12 வாரம் கற்றுக்கொடுத்ததை எந்த யோசனையும் கற்றுக்கொடுத்திருக்காது. 30 பேருக்கு முன்னால் நின்று பேசச் சொன்னார்கள், பேசினேன், இரண்டு நாள் சோர்ந்து கிடந்தேன். எனக்கு ஒருவர், ஒரு தாள், ஒரு மேசை போதும். விளக்குவது என் வேலை, முடிவு அவர்களுடையது என்ற கோட்டையும் அங்கேதான் போட்டுக்கொண்டேன். மருந்துச் சீட்டு வந்தால், நான் எழுதிக் கொடுத்ததை மருந்தாளரிடமோ செவிலியரிடமோ காட்டி உறுதி செய்யாமல் அனுப்ப மாட்டேன். அப்புறம், கேமரா கொடுத்த அந்தச் சோதனை. உதவி எண்ணுக்குப் போன் போட்டு 25 நிமிடம் காத்திருப்பது, ஒரே விஷயத்தை நான்காவது முறை வேறு வார்த்தையில் சொல்வது — இதெல்லாம்தான் இந்த வேலையின் சலிப்பூட்டும் பாதி. ஒரு தடவைகூட நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முதல் சனிக்கிழமை யாரும் வராதபோது 'இதுவும் எனக்கானது இல்லையோ' என்று மனம் தளர்ந்தது உண்மை. அப்போது எனக்குத் துணை நின்றது 2018-ல் பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரெக் வால்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. கருந்துளைகளைப் பற்றி சுவாரசியமான ஒரு காணொளியைக் காட்டி ஆர்வத்தைக் கிளப்பினார்கள். பிறகு அதே விஷயத்தில் கடினமான கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது ஏற்கெனவே உள்ளே முழுசாக இருக்கும், கண்டுபிடித்தால் போதும் என்று நம்பியவர்களுக்குத்தான் ஆர்வம் அதிகமாக வடிந்தது. அது வளர்த்தெடுக்க வேண்டியது என்று நம்பியவர்கள் அந்த அளவுக்குத் துவளவில்லை.

அடுத்துச் சொல்லப்போவது எனக்கு வலிக்கிற பகுதி. நான்காவது மாதத்தில் எல்லோருக்கும் என் எண் தெரிந்துவிட்டது. இரவு 11 மணிக்குக்கூட போட்டோக்கள் வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் மறுக்க மனம் வரவில்லை. ஒரு நாள் காலையில் என் மேசைமேல் ஒரு தாள் இருந்தது. என் 12 வயது மகள் அளவுகோல் வைத்து, அழகாகக் கட்டம் போட்டு ஒரு படிவம் தயாரித்திருந்தாள். தலைப்பு: 'அம்மாவுடன் பேச விண்ணப்பம்.' பெயர், வயது, எத்தனை நிமிடம் வேண்டும், காரணம். காரணம் என்ற கட்டத்தில் 'ஒன்றும் இல்லை, சும்மா' என்று எழுதியிருந்தாள். நான் அதை வாசித்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி ஸ்டூவர்ட் பண்டர்சனும் ஜெஃப்ரி தாம்சனும் 2009-ல் எழுதிய ஆய்வு இதைத்தான் சொல்கிறது. தங்கள் வேலையை அழைப்பாக உணர்ந்தவர்கள் அதில் ஆழ்ந்த நிறைவு கண்டார்கள். அதே சமயம் ஊதியம், சொந்த நேரம், வசதி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள். மேலே இருப்பவர்கள் தங்களைச் சுரண்டவும் அது இடம் கொடுத்தது. இன்று என் போன் இரவு 8 மணிக்குப் பிறகு அடுத்த அறையில் இருக்கும். மகளின் படிவம் என் நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

'இவ்வளவு தாமதமாகவா?' என்று வருந்துபவர்களுக்கு, நவீன செவிலியர் பணிக்கு வழிகாட்டிய ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைச் சொல்வேன். 1837 பிப்ரவரி 7 அன்று, 16 வயதில், கடவுள் தன்னைச் சேவைக்கு அழைத்ததாக எழுதிவைத்தார். எந்தச் சேவைக்கு என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டின் எதிர்ப்பைத் தாண்டி, ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் முறையான பயிற்சி பெற்றது 1851-ல். போர்க்கால மருத்துவமனைக்குப் போனது 1854-ல். ஆக 17 வருடம். அதன் பிறகும் முடியவில்லை. படைவீரர்கள் காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால்தான் அதிகம் இறந்தார்கள் என்பதை, எண்களை மட்டும் அடுக்காமல், பார்த்ததும் புரியும் படமாக 1858-ல் வரைந்து காட்டினார். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இப்போதும் கணக்குப் பிரிவில்தான் இருக்கிறேன். சனிக்கிழமை மேசை மூன்றாவது வருடமாகத் தொடர்கிறது. முழு நேரமாக இதையே செய்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இதைப் பற்றி நானும் என் கணவரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன மாதம் அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். ஒரு மாத்திரையை மாற்றியிருந்தார்கள். பழையதை நிறுத்த வேண்டுமா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே செவிலியரிடம் கேட்டுவிட்டார். மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, காத்திருக்கும் இடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் மூன்று பக்க அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா தன் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கோப்பின் ஓரத்தை வைத்துக் கோடு போட ஆரம்பித்திருந்தார். நான் பக்கத்தில் போகாமல், தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.